தோல் டாக்டரிடம் கேளுங்கள்: "வலிக்கவே இல்லையே, விட்டுட்டா என்ன?"

போன மாதம் மச்சத்தைப் பற்றி நாலு வரி எழுதியதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பொடுகு, முகப்பரு, கருவளையம் பற்றிக் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த இதழில் கட்டாயம் பதில் உண்டு. இந்த முறை ஆறாத புண், தோல் புற்று பற்றிக் கேட்டவர்களுக்கு மட்டும்.

*

*"அப்பாவுக்கு 71 வயது. மூக்கின் இடது ஓரத்தில், கண்ணுக்குக் கொஞ்சம் கீழே, மிளகு அளவில் கறுப்பாகப் பளபளவென்று ஒன்று வந்து மூன்று வருடம் ஆகிறது. முகம் துடைத்தால் துண்டில் ரத்தம் படியும், பொருக்கு கட்டும், உதிரும், மறுபடியும் ரத்தம். இப்போது சுண்டைக்காய் அளவு. இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். சதைத் துணுக்கை எடுத்துப் பார்த்த பயாப்ஸியில் பேசல் செல் கார்சினோமா என்று வந்திருக்கிறது. 'இது பரவுற ரகம் இல்ல' என்று டாக்டர் ஆறுதலுக்குச் சொன்னதை அப்பா கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். 'பரவாதுன்னு அவரே சொல்லிட்டார், வலியும் இல்ல, இந்த வயசுல மூஞ்சில எதுக்குடா கத்தி' என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறதா? அப்படியே விட்டுவிட்டால் என்ன ஆகும்?"*
— வாசகர், பெரம்பூர்

பாதி நியாயம் இருக்கிறது, அதனால்தான் சிக்கலே.

அந்த டாக்டர் சொன்னது உண்மை. தோல் புற்றுகளில் உலகத்திலேயே அதிகம் பேருக்கு வருவது இதுதான், நுரையீரல், கல்லீரல் என்று தாவுவது 100-ல் ஒருவருக்குக்கூட இல்லை. ஆனால் 'பரவாது' என்று டாக்டர் சொன்னால் வேறு உறுப்புக்குப் போகாது என்றுதான் அர்த்தம், இருக்கும் இடத்தில் சும்மா இருக்கும் என்று அர்த்தம் இல்லை. உங்கள் அப்பா இரண்டாவதைக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். அது தோலைத் தின்னும், அடுத்து கொழுப்பு, அடுத்து குருத்தெலும்பு, அப்புறம் எலும்பு. வெள்ளைக்காரர்கள் இதற்கு வைத்த பழைய பெயருக்கு எலி கொறித்த புண் என்று அர்த்தம். பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரின் பொருத்தம் புரியும்.

மேலே தெரியும் அளவை நம்பவே கூடாது. அருகம்புல்லைப் பிடுங்கிப் பார்த்திருப்பீர்கள்தானே, மேலே நாலு இலை, மண்ணுக்கு அடியில் முழ நீளத்துக்கு ஓடியிருக்கும். சில பேசல் செல் கட்டிகள் அப்படித்தான் ஓடும், அதுவும் மூக்கோரம், கண்ணோரம், காதுக்குப் பின்பக்கம் ஆகிய இடங்களில் ஆழமாக இறங்குவது இவற்றின் வழக்கம். உங்கள் அப்பாவுக்கு இருப்பது அதில் முதல் இரண்டு இடத்துக்கும் நடுவில்.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி. கொரோனா எல்லாம் ஓய்ந்து ஊரே மாஸ்க்கைக் கழற்றிய பிறகும் இவர் மட்டும் கழற்றவில்லை. கல்யாண வீட்டில்கூட மாஸ்க்கோடு போய் மொய் எழுதிவிட்டு, பந்தியில் உட்காராமல் திரும்பி வருவாராம். என் அறையில் உட்கார்ந்து, மகள் இரண்டு முறை அதட்டிய பிறகு கழற்றினார். ஒரு பக்க மூக்குத் துவாரத்தின் சுவரே இல்லை. அந்தக் குழியில் பஞ்சை உருட்டி வைத்திருந்தார், மாஸ்க்கின் உட்பக்கம் பழுப்பாகக் கறை. ஏழு வருடம். ஏழு வருடத்தில் ஒரு நாள்கூட வலிக்கவில்லை என்று அவர் சொன்னதை நான் நம்புகிறேன். அவருக்குக் கட்டியை எடுத்து, நெற்றியிலிருந்து தோலைத் திருப்பி மூக்கு செய்து முடிக்க மூன்று ஆபரேஷன் ஆனது. மிளகாக இருந்தபோது வந்திருந்தால் மரத்துப்போக ஊசி போட்டு, கட்டியைச் சுற்றி ஒரு நாலைந்து மில்லிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து எடுத்துத் தைத்து, அன்றைக்கே சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பியிருப்போம். சின்னதாக இருக்கும்போது இப்படி எடுத்தவர்களில் 100-க்கு 95 பேரை ஒட்டி அதோடு சரி, திரும்ப வருவதில்லை.

உங்கள் அப்பா விஷயத்தில் எனக்குக் கவலை மூக்கைவிடக் கண்ணைப் பற்றித்தான். கண்ணின் உள்மூலையில் கண்ணீர் வடியும் குழாய் இருக்கிறது, அதைத் தொட்டுவிட்டால் எந்நேரமும் கண்ணில் நீர் கொட்டிக்கொண்டிருக்கும். அதையும் தாண்டிக் கண்குழிக்குள் இறங்கிவிட்டால், பார்வை நன்றாக இருக்கும் கண்ணையே எடுக்க வேண்டிய நிலை வரும். பயமுறுத்த எழுதவில்லை, விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று நீங்கள்தான் கேட்டீர்கள்.

வயது? 90-ஐத் தாண்டிப் படுக்கையில் இருக்கும் பாட்டிக்கு முதுகில் சின்னதாக ஒன்று இருந்தால், தொந்தரவு பண்ண வேண்டாம், பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் 71 வயசில், நடமாட்டத்தோடு இருப்பவர் இன்னும் பதினைந்து வருடம் இருப்பார் என்று வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். அந்தக் கட்டிக்கும் அதே பதினைந்து வருடம் கிடைக்கும். கத்திதான் பயம் என்றால் கதிர்வீச்சு சிகிச்சை இருக்கிறது, வயதானவர்களுக்கு அது நன்றாகவே கேட்கும், ஆனால் பல நாள் தொடர்ந்து போய் வர வேண்டும். களிம்பு பூசிக் கரைப்பது மேலோட்டமாகப் படர்ந்த ரகத்துக்கு மட்டும், மூக்கோரத்தில் உருண்டு நிற்பதற்கு வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் ஆபரேஷனுக்கு முன்னால் தானாக நிறுத்திவிட வேண்டாம், டாக்டரிடம் சொல்லுங்கள், அவர் முடிவு செய்வார்.

அப்பா அதற்கும் மசியவில்லை என்றால் சண்டை போடாதீர்கள். ஒரு ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் பிடித்து மாதம் ஒரு போட்டோ எடுங்கள். மூன்று போட்டோவை அவர் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள். கண்ணாடியில் தினமும் பார்க்கிற முகத்தில் வித்தியாசம் தெரியாது, போட்டோவில் தெரியும்.

*

*"அம்மாவுக்கு 62 வயது. 1991-ல் மண்ணெண்ணெய் ஸ்டவ் வெடித்துச் சேலையில் தீப்பிடித்ததில் வலது காலில் முட்டிக்குக் கீழே பெரிய தழும்பு. அந்தத் தழும்பில் எட்டு மாதமாக ஒரு புண். பக்கத்து கிளினிக்கில் ஒருநாள் விட்டு ஒருநாள் டிரெஸ்ஸிங், நாலு தடவை ஆன்டிபயாடிக். சுகர் இருப்பதால் ஆறவில்லை என்கிறார்கள். இப்போது வாடை வருகிறது, அதனால் அம்மா பேத்தியைப் பக்கத்தில் படுக்க விடுவதில்லை. பழைய தழும்பில் புதிதாக என்ன வந்துவிடப் போகிறது?"*
— வாசகி, திருவொற்றியூர்

அம்மா, இதழ் உங்கள் கைக்கு வரும்வரை காத்திருக்க மனம் வரவில்லை. நீங்கள் கொடுத்திருந்த நம்பரில் பேசிவிட்டேன். இங்கே எழுதுவது மற்றவர்களுக்காக.

பழைய தீக்காயத் தழும்பிலும் தோல் புற்று வரும். 20, 30, 40 வருடம் கழித்து வரும். இதற்கு மார்ஜொலின் புண் என்று பெயர், 1828-ல் இப்படித் தழும்பில் வளரும் புண்களைப் பற்றி எழுதிய பிரெஞ்சு மருத்துவர் ஒருவரின் பெயர். பெரும்பாலும் இது ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, அதாவது பெரம்பூர் அப்பாவுக்கு வந்ததைவிட முரட்டு ரகம். தழும்புத் தோல் இழுத்துப் பிடித்தபடி இருக்கும், ரத்த ஓட்டம் குறைவு, நடக்க நடக்க விரிசல் விடும், ஆறும், மறுபடி விடும். இப்படி வருடக்கணக்கில் ஆறி ஆறிப் பிளக்கிற இடத்தில் ஒரு கட்டத்தில் செல் தடம் மாறிவிடுகிறது. அந்தக் காலத்தில் ஒட்டுத்தோல் வைக்காமல், தானாக ஆறட்டும் என்று விட்ட காயங்களில்தான் இது அதிகம்.

நம் வடசென்னையில் எண்பது, தொண்ணூறுகளில் ஸ்டவ் வெடித்துத் தீப்பட்டவர்கள் எத்தனை பேர், கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியின் தீக்காய வார்டு எப்படி நிரம்பி வழிந்தது என்று அந்த வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். அன்று பிழைத்த பெண்கள் இன்று பாட்டிகள், தழும்புக்கும் 30, 35 வயது ஆகிவிட்டது. இந்தக் கேள்வி எனக்கு வந்ததில் ஆச்சரியம் இல்லை, இன்னும் நிறைய பேர் கேட்காமல் இருக்கிறார்களே என்பதுதான் உறுத்துகிறது.

சர்க்கரையால் ஆறாத புண்ணும் உண்டுதான், அந்த கிளினிக்கில் சொன்னது அபாண்டம் இல்லை. ஆனால் சர்க்கரைப் புண் குழியாகப் போகும், இது மேலே எழும்பும். விளிம்பு உருண்டு வெளிப்பக்கம் மடங்கியிருக்கும், நடுவில் காலிஃபிளவர் மாதிரி சதை வளரும், கட்டுத்துணியை எடுக்கும்போது தொட்டாலே ரத்தம். வாடையும் சேர்ந்துவிட்டால் யோசிக்கவே வேண்டாம். எந்தப் புண்ணாக இருந்தாலும் சரி, ஒழுங்காக டிரெஸ்ஸிங் செய்தும் ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் ஆறும் வழியைக் காணோம் என்றால் ஐந்தாவது ஆன்டிபயாடிக் எழுதக்கூடாது, சதையை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்ப வேண்டும். அதுவும் ஓரத்திலிருந்து, இரண்டு மூன்று இடத்தில். ஒரே இடத்தில் எடுத்து 'ஒன்றும் இல்லை' என்று வந்த பிறகும் புண் ஆறவில்லை என்றால் மறுபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கே பதில் வேறு. வெயில் பட்ட தோலில் வரும் சாதாரண ஸ்குவாமஸ் கட்டி 100-ல் ஐந்து பேருக்குள்தான் வேறிடம் போகும். தழும்பில் வருவது அதைவிடப் பல மடங்கு. கெட்டித் தழும்புக்குள் நிணநீர் ஓட்டம் இல்லாததால் முதலில் கொஞ்ச காலம் அங்கேயே அடைபட்டுக் கிடக்கும், தழும்பைத் தாண்டி நல்ல தோலுக்கு வந்ததும் வேகம் எடுக்கும். காலில் இருப்பது தொடை இடுக்குக்கு, கையில் இருப்பது அக்குளுக்கு, முகத்தில் இருப்பது கழுத்துக்கு. 'நெறி கட்டியிருக்கு' என்று நாம் சாதாரணமாகச் சொல்லி உப்பு ஒத்தடம் கொடுப்போமே, அந்த நெறிதான். அது வலிக்காமல், கல் மாதிரி, வாரக்கணக்கில் வற்றாமல் இருந்தால் உடனே காட்ட வேண்டும். கீழே எலும்பு வரை இறங்கிவிட்டால் காலையே எடுக்க வேண்டி வரலாம். அதற்கு முன்னால் பிடித்தால் அகலமாக வெட்டி எடுத்து ஒட்டுத்தோல் வைத்து முடித்துவிடலாம்.

பேத்தியைப் பக்கத்தில் படுக்க விடுங்கள். புற்று ஒட்டிக்கொள்ளாது.

*

*"பைக்கில் டெலிவரி வேலை. காலை பத்திலிருந்து ராத்திரி பத்து வரை ரோட்டில்தான். நமக்கெல்லாம் கறுப்புத் தோல், அதனால் தோல் கேன்சர் வராது என்கிறான் கூட வேலை செய்பவன். நிஜமா?"*
— வாசகர், வேளச்சேரி

வெள்ளைத் தோல்காரர்களைவிட ரொம்பக் குறைவு. மெலனின் என்கிற கறுப்பு நிறமி குடை பிடிக்கிறது. 'குறைவு' என்பதை 'வராது' ஆக்கியது உங்கள் நண்பர். குறைவு என்பதாலேயே யாரும் சந்தேகப்படுவதில்லை, அதனாலேயே தாமதமாக வருகிறார்கள்.

இன்னொன்று, நம்மைப் போன்ற நிறத்துக்காரர்களுக்கு மெலனோமா என்கிற மோசமான ரகம் வந்தால், வெயிலே படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில்தான் அதிகம் வரும். உள்ளங்காலில் வந்தால் கால் ஆணி என்று பிளேடால் சீவுவோம், நகத்தில் வந்தால் அடிபட்ட ரத்தக்கட்டு என்று விடுவோம். பாப் மார்லி தெரியுமா, ஜமைக்கா பாடகர், அவருக்குக் கால் கட்டைவிரல் நகத்துக்கு அடியில் வந்தது. பந்து விளையாடி அடிபட்டது என்றுதான் முதலில் நினைத்தார்கள். 1977-ல் மெலனோமா என்று தெரிந்தது, விரலை எடுக்கச் சொன்னதற்குச் சம்மதிக்கவில்லை, 1981 மே மாதம் இறந்தார். அப்போது மூளை வரை போயிருந்தது, வயது 36.

மெலனோமாவில் எல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. 1 மில்லிமீட்டர் ஆழத்துக்குள் பிடித்தால் பெரும்பாலும் வெட்டி எடுப்பதோடு சரி. 4-ஐத் தாண்டினால் போராட்டம். நகத்தில் ரத்தக்கட்டு என்றால் நகம் வளர வளர அதுவும் முன்னால் நகர்ந்து போய்விடும், நகராமல் ஒரே இடத்தில் நின்று அகலமாகிற கறுப்புக் கோடு, நகத்தின் அடித்தோலிலும் கறுப்பு ஏறுவது, இதெல்லாம் ரத்தக்கட்டு இல்லை. ஷூவைக் கழற்றும்போது மாதத்துக்கு ஒரு முறை உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். வெயிலுக்கு முழுக்கை போடுங்கள், கறுத்துப்போவதற்காகவாவது.

*

*"பாவாடை நாடாவால் கேன்சர் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, புருடாவா? எனக்கு இடுப்பில் நாடா கட்டும் இடம் கறுத்து, அரிப்பும் இருக்கிறது. 40 வருடமாகப் புடவைதான்."*
— வாசகி, மயிலாப்பூர்

வாட்ஸ்அப்பில் வந்தும் உண்மையாக இருக்கிற அபூர்வமான செய்திகளில் இது ஒன்று. 2024-ல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் நம் நாட்டு டாக்டர்கள் இரண்டு பெண்களைப் பற்றி எழுதியிருந்தார்கள், இருவருக்கும் இடுப்பில் புடவை இறுகும் இடத்தில் ஆறாத புண், டெஸ்ட்டில் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா. ஒருவருக்கு ஒன்றரை வருடப் புண். இன்னொருவருக்கு இரண்டு வருடம், அவருக்குத் தொடை இடுக்கில் நெறி வரை போய்விட்டது. அவர் பாவாடைகூடக் கட்டுகிறவர் இல்லை, புடவையையே இறுக்கிக் கட்டுகிறவர், ஆகவே குற்றவாளி நாடா மட்டும் இல்லை, இறுக்கம். ஆண்கள் சிரிக்க வேண்டாம், 1940-களிலேயே பம்பாயில் வேட்டிப் புற்று என்று எழுதி வைத்திருக்கிறார்கள். காஷ்மீரில் குளிருக்காகக் கணப்புச் சட்டியை அங்கிக்குள் வயிற்றோடு அணைத்து வைப்பவர்களுக்குத் தொடையிலும் வயிற்றிலும் வருவது இன்னும் பழைய கதை.

ஆனால் கோடிக்கணக்கான பேர் புடவை கட்டுகிற நாட்டில் இது விரல்விட்டு எண்ணக்கூடியது. உங்களுக்கு இருப்பது கறுப்பும் அரிப்பும், பாதிப் புடவைக்காரர்களுக்கு இருப்பது. மெல்லிய நாடாவுக்குப் பதில் இரண்டு விரல் அகலப் பட்டை வைத்துத் தையுங்கள், முடிச்சை ஒரே இடத்தில் போடாதீர்கள், வீட்டில் இருக்கும்போது நைட்டி போடுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அங்கே தோல் வெள்ளையாகித் தடித்தாலோ, வெடித்து ஒரு மாதம் ஆறாமல் இருந்தாலோ காட்டுங்கள்.

*

*"கல்யாணத்துக்கு முன்னால் கன்னத்து மச்சத்தை பார்லரில் சுண்ணாம்பும் சோடாவும் தொட்டு வைத்து எடுத்தார்கள். பொருக்கு விழுந்து சரியானது. இப்போது அதே இடத்தில் கறுப்பு திட்டுத்திட்டாகத் திரும்ப வருகிறது."*
— வாசகி, குன்றத்தூர்

பெரும்பாலும் பழைய மச்சத்தின் மிச்சம்தான், பதற வேண்டாம். ஆனால் காட்டியாக வேண்டும். சுண்ணாம்பு மேல்பாதியைப் பொசுக்கிவிட்டது, அது என்ன மச்சம் என்று பார்க்க லேபுக்கு அனுப்பத் துணுக்குகூட மிச்சம் இல்லை. இப்படித் திரும்ப வரும் மச்சம் மைக்ராஸ்கோப்பில் மெலனோமா மாதிரியே தெரிந்து குழப்பும், அதனால் டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சுண்ணாம்பு வைத்ததைச் சொல்லிவிடுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் ரிப்போர்ட் தப்பாக வரும். மருவில் தலைமுடி கட்டி அறுப்பவர்களுக்கும் இதே பதில்தான்.

*

*"பயாப்ஸி எடுத்தால் கத்தி பட்டு வேகமாகப் பரவும் என்கிறார் என் மாமியார். செலவும் பயமாக இருக்கிறது. சென்னையில் எங்கே போவது?"*
— வாசகி, வியாசர்பாடி

பரவாது. கத்தி பட்டதும் பரவியது என்று சொல்லப்படும் கதைகளை விசாரித்துப் பாருங்கள், கத்தி படும்போதே அது முற்றியிருக்கும். தோலில் எடுப்பது மூன்று நான்கு மில்லிமீட்டர் துண்டு, பென்சில் முனை ரப்பரைவிடச் சின்னது. மரத்துப்போக ஊசி போடும்போது மட்டும் கட்டெறும்பு கடித்த மாதிரி சுருக்கென்று இருக்கும், ஒரு தையல் போடுவார்கள்.

சென்ட்ரலுக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, உங்களுக்கு இன்னும் பக்கத்தில் ஸ்டான்லி, எதில் வேண்டுமானாலும் காலையிலேயே போய்த் தோல் பிரிவு ஓ.பி. சீட்டு வாங்குங்கள். புற்று என்று உறுதியானால் ராயப்பேட்டை அரசு மருத்துவமனையில் தனிப் பிரிவு இருக்கிறது, 1954-லிருந்து நடக்கும் அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள், அதில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு.

பயாப்ஸி எடுத்தவர்களில் கொஞ்சம் பேர் தையல் பிரித்ததும் புண் ஆறிவிட்டது என்று ரிப்போர்ட் வாங்கவே வருவதில்லை. உங்கள் போன் நம்பரைச் சீட்டில் சரியாக எழுதியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.